பெயர்: பூத்த பிறகு

பிப்ரவரி 12, புதன்

ஃபிளாஷ் இன்று காலை வலது கைக் கட்டைவிரலை அசைத்தான். ஆதாரம்: பிசியோதெரபிஸ்ட் பார்த்து அவன் மனைவியிடம் சொன்னது, அவள் தொலைபேசியில் என்னிடம் சொன்னாள். நான் நேரில் பார்க்கவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன். பக்கவாதம் வந்து இன்றோடு இருபது நாள்.

வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சு நாளைக்கு நாலைந்து சொல்தான், அதுவும் பாதி பாதியாக. மூன்று மணி நேரப் பயணத்தில் ஒரு மறுவாழ்வு மையத்தில் இருக்கிறான். அவன் மனைவியும் கூடவே தங்கியிருக்கிறாள். அவள் என்னை அண்ணா என்பாள், நான் அவளைத் தங்கச்சி என்பேன். இருபத்தாறு வருடப் பழக்கம். அவர்கள் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது.

இந்த இருபத்தாறு வருடமும் செய்தி என்னுடையது, படம் அவனுடையது. வாழ்நாளில் ஒரு தடவைகூட ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்ததில்லை என்பதால் அலுவலகத்தில் அவனுக்கு அந்தப் பெயர். எதைச் சொன்னாலும் "யார் சொன்னது?" என்று கேட்பதால் அவன் எனக்கு வைத்த பெயர் ஆதாரம்.

"அண்ணா, நேத்து 'தொட்டி'ன்னு சொன்னாருண்ணா. தெளிவா சொன்னாரு" என்றாள் தங்கச்சி.

என் பேரைச் சொன்னானா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

அலுவலகம் போகும் வழியில் அவன் வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டேன். முன்னறையில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. ஒரு மீன்கூடக் கிடையாது. வருகிறவர்கள் எல்லோரும் "மீன் எங்க சார்?" என்று கேட்பார்கள். "டியூட்டி முடிஞ்சு போயிடுச்சு" என்பான்.

உள்ளே இருப்பதெல்லாம் செடி, அதுவும் உலகத்தில் நாலு பேரிடம்தான் இருக்கும் என்று இவர்கள் சொல்லிக்கொள்கிற செடி. கல்லைக் கட்டிக்கொண்டு வளரும் கறுத்த இலைகள், ஒரு கோணத்தில் பார்த்தால் நீலம் அடிக்கும். அனுபியாஸ் ஒன்று, இலை பாதி வெள்ளை, பாதி பச்சை. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியில் துண்டுச் சீட்டு: பெயர், தேதி, யாரிடம் வாங்கியது. செய்திப் படத்துக்குக் கீழே எழுதுகிற குறிப்பு மாதிரியே.

வலது மூலையில் இருப்பதற்கு மட்டும் சீட்டு வேறு மாதிரி. "பெயர்: பூத்த பிறகு" என்று எழுதியிருக்கிறான். அது கிரிப்ட் என்கிற வகை. ஒடுங்கிய இலை, ஓரம் சுருக்கம், அடிப்பக்கம் கருஞ்சிவப்பு. எண்ணினேன்: ஒன்பது இலை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் தன் நீள லென்ஸை விற்று இதை வாங்கினான். இரண்டு நாள் கழித்து ஒரு கிடங்கில் தீ. லென்ஸ் இல்லாமல் கிட்டே போய்ப் படம் எடுத்ததில் இடது புருவம் பொசுங்கிப் போனது. விற்றவன் ஒரு பெயர் சொல்லித்தான் விற்றான். இவன் நம்பாமல் தாவரவியல் பேராசிரியர் ஒருவருக்கு இலையைப் படம் எடுத்து அனுப்பினான். இந்த வகையில் இலையைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, பூவைப் பார்த்தால்தான் பெயர் என்று பதில் வந்தது. பதினோரு வருடமாகப் பூக்கவில்லை. இதுவரை இரண்டு கன்று விட்டது, இரண்டையும் நண்பர்களுக்குக் கொடுத்தான், இரண்டுமே செத்துப்போயின. இருப்பது இது ஒன்றுதான்.

மதியம் யாரோ ஒரு சேகரிப்பாளர் கூப்பிட்டார். "கேள்விப்பட்டேன் சார், ரொம்ப வருத்தம். அந்தக் கிரிப்ட்டைக் கொடுக்கற ஐடியா இருக்கா?" எந்த ஆஸ்பத்திரி என்றுகூடக் கேட்கவில்லை மனுஷன்.

பிப்ரவரி 19

நகராட்சிக் கூட்டம் மூன்று மணி நேரம். தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை. தொட்டியில் குறைந்த தண்ணீருக்கு ஒரு குவளை ஊற்றினேன். இன்றைக்கு உருப்படியாக நடந்தது அதுதான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தொட்டியை இன்று என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேறு வழியில்லை. அவன் திரும்பி வருவதற்குள் குளியலறைச் சுவரை இடித்துக் கைப்பிடி பொருத்த வேண்டும். பத்து நாள் மின்சாரம் இருக்காது, வீடு முழுக்கத் தூசி.

வேலையை ஒழுங்காகச் செய்தேன் என்றுதான் நினைக்கிறேன். செடிகளை ஈரத் துணியில் சுற்றி எடுத்தேன். தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். அடியில் இருந்த மண் கறுத்து நாறியது, பதினோரு வருட மண் அல்லவா. அதை ஒரு பழைய பெயின்ட் வாளியில் வாரிப் போட்டுவிட்டுப் புது மண் போட்டேன். புதுத் தண்ணீர். கிரிப்ட்டை அதே வலது மூலையில் நட்டேன். இரண்டு மாடி, இருபத்திரண்டு படி, ஏழு தடவை ஏறி இறங்கினேன்.

மருந்துக்கடை வேலை முடிந்து வந்த என் மனைவி, சாப்பாட்டு மேஜை இருந்த இடத்தில் தொட்டியைப் பார்த்தாள்.

"நாம எங்க சாப்பிடறது?"

"பக்கத்துல உக்காந்து சாப்பிடலாமே. நல்லா இருக்கும், பாரேன்."

"ஆமா. மீனும் இல்ல, மேஜையும் இல்ல. எனக்கு வாய்ச்ச வீடு."

பெயின்ட் வாளி துணி துவைக்கிற இடத்தில் கிடக்கிறது. மண்ணை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

மறுவாழ்வு மையம். அவனை முதல் தடவையாகச் சக்கர நாற்காலியில் பார்த்தேன். முகம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, கண் அதே கண். போனில் தொட்டியின் படத்தைக் காட்டினேன். இடது கையால் வாங்கி, திரையைப் பெரிதாக்கி, நேரே வலது மூலைக்குப் போனான். வாயின் ஒரு பாதி சிரித்தது.

இன்று பயிற்சியில் பத்து நிமிடம் கூடுதலாக நின்றானாம். மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த மூணு மாசம்தான் முக்கியம். மனசு மட்டும் இறங்கிடக் கூடாது, பாத்துக்கங்க" என்றார்.

மார்ச் 4

கிரிப்ட்டில் ஒரு இலை நனைந்த காகிதம் மாதிரி இருக்கிறது. தொட்டேன், விரலோடு வந்துவிட்டது.

மார்ச் 5

நாலு இலை.

மார்ச் 6

ஒரு இலைகூட மிச்சம் இல்லை. மற்ற செடியெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இது மட்டும்... ஒன்பது இலையும் கூழாகிவிட்டது. என்னத்தப் பண்ணித் தொலைச்சேன் நான்? தண்ணியா? வெளிச்சமா? ஊர்ல இருக்கற எல்லாத்தையும் கேள்வி கேக்கறவன், கையில ஒரு செடியக் குடுத்தா மூணே நாள்ல...

மார்ச் 8, சனி

வேரோடு பிடுங்கிவிட்டேன். மிச்சச் செடிகளுக்கும் அழுகல் பரவும் என்று பயம். குப்பையில் போட மனம் வரவில்லை. துவைக்கிற இடத்தில் பழைய மண் இருந்த வாளியில் வேரைப் போட்டு, மேலே இரண்டு கை மண்ணைத் தள்ளினேன். அடக்கம் பண்ணின மாதிரி இருந்தது.

"அதுல தண்ணி நிக்குது, கொசு வரும்" என்று சொல்லி மனைவி வாளியின் வாயில் கண்ணாடித்தாளை இழுத்துக் கட்டி, ரப்பர் பேண்டும் போட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவர்கிட்ட எப்பச் சொல்லப்போறீங்க?" என்றாள்.

கை கழுவப் போனேன்.

மார்ச் 9, ஞாயிறு

சொல்லவில்லை.

போன வருடம் அவனே எனக்கு அனுப்பிய பழைய படம் ஒன்று போனில் இருந்தது. அதைக் காட்டினேன். பார்த்தான், தலையாட்டினான், பயிற்சிக்குப் போனான். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆறு அடி நடந்தான். ஆதாரம்: நான், நேரில்.

ஒரு படத்துக்கு ஆறு அடி. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

மார்ச் 16

வேறொரு பழைய படம். பதினான்கு அடி.

மார்ச் 30, ஞாயிறு

மூன்றாவது படம். இன்று ரொம்ப நேரம் பார்த்தான். போனைத் திருப்பிக் கொடுத்தான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஏப்ரல் 3

தங்கச்சி போன் செய்தாள். "நாலு நாளா பயிற்சிக்கு எழுந்திரிக்கவே மாட்டேங்கறாருண்ணா. சாப்பாட்டையும் தள்ளி வைக்கிறாரு. நீங்க வந்துட்டுப் போனதுலேருந்துதான். ஏதாவது சொன்னீங்களா?"

சொல்லவில்லை என்றேன். அந்தப் பதிலில் பொய் கிடையாது. அதுதான் அசிங்கம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நான் உட்கார்ந்ததும் என் சட்டைப்பையை இடது கையால் தட்டிக் காட்டினான். போனை எடுத்தேன். பழைய படத்தைத் தானே தேடி எடுத்தான். இலையின் பளபளப்பில் விரலை வைத்தான்.

"வெளிச்சம்" என்றான்.

கொஞ்ச நேரம் கழித்து, "தப்பு."

அவன் வீட்டில் ஜன்னல் தொட்டிக்கு இடது பக்கம். என் வீட்டில் வலது பக்கம். இருபது வருடமாக என் வீட்டுக்கு வந்து போகிறவன். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் எந்த அறை என்று அவனுக்குத் தெரியாதா? படக்காரனிடம் படத்தைக் காட்டி ஏமாற்றலாம் என்று நினைத்தேன் பார், அதற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் சொன்னேன். கழுவியது, மண் மாற்றியது, மூன்று நாளில் கரைந்தது, மூன்று பொய். தங்கச்சி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்துத்தான் பேசினேன். முடித்ததும் திட்டுவான், அழுவான் என்று காத்திருந்தேன்.

"வேர்?" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"வே... வேர். எங்க?"

"வாளியில. பழைய மண்ணுல போட்டு வச்சேன். குப்பையில போடலை."

கண்ணை மூடினான். திறந்தபோது அவன் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. கூட்டத்தில் முன்வரிசைக்கு இடித்துக்கொண்டு போகும்போது இருக்குமே, அந்த முகம்.

"போ" என்றான். "பாரு."

ஏப்ரல் 7, திங்கள்

காலை ஆறு நாற்பது. கண்ணாடித்தாளின் உள்பக்கம் முழுக்க நீர் முத்து. கழற்றினேன். மண்ணுக்கு மேலே இரண்டு இலை, கட்டைவிரல் நகம் அளவு. அடிப்பக்கம் கருஞ்சிவப்பு.

மனைவியைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள். இரண்டு பேர் பார்த்தாகிவிட்டது, இரண்டு ஆதாரம்.

திருத்தம்: மார்ச் 9, 16, 30 ஆகிய தேதிகளில் நான் காட்டிய படங்கள் அந்தந்த வாரத்தில் எடுத்தவை அல்ல. மார்ச் 6 அன்று இலை போனதும் செடியே செத்துவிட்டது என்று நானாக முடிவு செய்ததும் தவறு. உரியவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். செய்தியாளனாக முப்பத்து நாலு வருடம் ஊரில் எல்லோரையும் கேட்டவன், செடிக்குச் சொந்தக்காரனைக் கேட்கவில்லை. வருந்துகிறேன்.

ஏப்ரல் 8

டயர் கடைக்குப் பின்னால் தொட்டிச் செடி விற்கிற அம்மாவிடம் போனேன். ஃபிளாஷ் அங்கே பழைய வாடிக்கை. முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீரிலிருந்து கையை எடுக்காமலேயே பேசினார்.

"இடம் மாத்தினீங்களா? மண்ணு மாத்தினீங்களா? தண்ணி மாத்தினீங்களா? மூணும் ஒரே நாள்லயா? சார், கிரிப்ட்டுக்கு ஒண்ணு மாத்தினாலே கோவம் வரும். இலையை எல்லாம் உதறிட்டு வேர்ல போய் உக்காந்துக்கும். தெரியாதவங்க செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. நான் இதுலயே வீடு கட்டியிருக்கேன். அதே ஆளுங்க மறுபடி வந்து வாங்குவாங்களே."

"இப்ப மறுபடி தண்ணிக்குள்ள வச்சிடட்டுமா?"

"ஐயய்யோ! இப்ப இருக்கறது காத்துல வந்த இலை. தண்ணிக்குள்ள போட்டா அதுவும் போயிடும். வாளியைத் தொடாதீங்க. ஈரம் மட்டும் இருக்கட்டும். அப்புறம் சார், இந்த வகை பூக்கறது தண்ணிக்கு வெளியதான்."

"இது அவனுக்குத் தெரியாதா?"

"தெரியாமயா? தண்ணிக்கு வெளிய எடுங்கன்னு பத்து வருஷமா சொல்லிட்டிருக்கேன். இருக்கறதே ஒண்ணு, போயிட்டா என்ன பண்றதுன்னு பயம் அவருக்கு. நீங்க தெரியாம பண்ணிட்டீங்க."

வெளியே வந்து டயர் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

படத்தை அவன் நம்ப வேண்டுமே. வாளிக்குப் பக்கத்தில் இன்றைய பேப்பரைத் தேதி தெரிகிற மாதிரி நிறுத்தி எடுத்தேன். ஆளைக் கடத்தி வைத்துக்கொண்டு பணம் கேட்கிறவன் எடுக்கிற படம் மாதிரி இருந்தது. ஃபிளாஷ் பார்த்தான். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம்தான் தெரிந்தது, சிரிக்கிறான்.

"மோசம்" என்றான். "ஃபோகஸ்."

மையத்தில் அவன் இப்படிக் குலுங்கிச் சிரித்தது இதுதான் முதல் தடவையாம். இருபது அடி நடந்தான்.

ஏப்ரல் 27

நாலு இலை. ஐந்தாவது சுருளாக இருக்கிறது.

மே 10, சனி

ஃபிளாஷ் வீடு திரும்பினான். குளியலறைக் கைப்பிடி, முன்னறையில் கட்டில், எல்லாம் தயார். தங்கச்சி அவன் கேமராவைத் துடைத்துத் தலைமாட்டில் வைத்திருந்தாள். அவன் இடது கையால் தள்ளிவிட்டான். "வேணாம். எடு." அவள் எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். 

"செடி?" என்று என்னைக் கேட்டான்.

"நாளைக்கே கொண்டுவந்துடறேன்" என்றேன்.

அவன் முறைத்த முறையில் எனக்கே உறைத்தது. இடம் மாற்றக் கூடாது. அப்படியானால் வாளி என் வீட்டில்தான் இருக்கும். என் வீடு நாலு தெரு தள்ளி, இரண்டு மாடி, லிஃப்ட் கிடையாது.

மே 14, புதன்

வந்தான். ஆட்டோவில் வாசல் வரைக்கும், அங்கிருந்து கைத்தடி. நான் பின்னால், தங்கச்சி முன்னால். இருபத்திரண்டு படிக்கு முப்பத்தொரு நிமிடம். மேலே வந்து துவைக்கிற இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணாடித்தாளைக் கழற்றி, மூச்சு வாங்க வாங்கப் பார்த்தான். ஐந்து இலை.

மனைவி டீ கொடுத்தாள். "அண்ணே, இவர் கையில கொடுத்த செடி பிழைச்சிருக்குன்னா, நீங்க எழுந்து ஓடுவீங்க, பயப்படாதீங்க" என்றாள்.

இறங்க நாற்பது நிமிடம்.

மே 19

மருந்துக்கடையிலிருந்து மனைவி ஒரு ஸ்ப்ரே பாட்டில் கொண்டுவந்தாள். இலையில் ஈரம் அடிக்க. பிசியோ அதைப் பார்த்துவிட்டு, அதை வலது கையால்தான் அழுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டார். இன்று: பூஜ்யம். ஃபிளாஷின் விரல் சுற்றிப் பிடித்தது, அழுத்த வரவில்லை. இடது கையால் அடித்துவிட்டுப் போனான்.

மே 27

ஒரு தடவை. அதுவும் வாளிக்கு வெளியே, என் முகத்தில் அடித்தது. வேண்டுமென்றே செய்தானா என்பது உறுதியாகவில்லை.

ஜூன் 11

ஏழு தடவை. படி ஏறப் பத்தொன்பது நிமிடம். ஆறு இலை.

"தினம் தினம் ஒரு அழுக்கு வாளியைப் பார்க்க ஆள் வருது, வீட்டுல இருக்கற என்னைப் பார்க்கத்தான் ஒருத்தரும் வரலை" என்று மனைவி துணி காயப்போட்டபடி சொன்னாள். ஃபிளாஷ் பாட்டிலை அவள் பக்கம் திருப்பினான். துண்டை எடுத்து விரட்டினாள்.

ஜூலை 3, வியாழன்

விழுந்துவிட்டான். பதினான்காவது படியில் கைத்தடி வழுக்கியது. நான் பின்னால் இருந்தும் பிடிக்க முடியவில்லை. முட்டி கிழிந்து ரத்தம். எலும்பு முறிவு இல்லை, ஆதாரம்: எக்ஸ்ரே.

தங்கச்சி அழுதுவிட்டாள். "போதும்ணா! அந்த வாளியத் தூக்கி இங்க கொண்டுவந்து போடுங்க. இலை போனா போகட்டும். ஒரு செடிக்காக இந்த மனுஷன் காலை ஒடிச்சுக்கணுமா? இவருக்கு ஒண்ணுன்னா யாரு பாப்பா?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. நான் சரி, இன்றைக்கே எடுத்துவருகிறேன் என்று எழுந்தேன்.

கட்டிலில் இருந்து ஃபிளாஷ் பேசினான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று நின்று, ஆனால் கடைசி வரைக்கும் வந்தான்.

"இடம்... மாத்தினா... இலை போயிடும். நான்... போறேன். செடி... வர வேணாம்."

தங்கச்சி மூக்கைச் சிந்திக்கொண்டே அவனைப் பார்த்தாள். பக்கவாதம் வந்த பிறகு அவன் முழுசாகப் பேசியது இன்றுதான். அவளுக்கும் அது அப்போதுதான் உறைத்தது.

"முட்டி ஆறட்டும்" என்றாள். "அப்புறம் நானும் கூட வர்றேன்."

ஜூலை 15

முட்டி ஆறவில்லை. நான் மட்டும் ஈரம் அடிக்கிறேன். தினமும் பேப்பரோடு ஒரு படம் அனுப்புகிறேன். பதில் ஒரே சொல்தான் வருகிறது: ஃபோகஸ்.

ஜூலை 28, திங்கள்

மறுபடி ஏறினான். பதினேழு நிமிடம். இருபது தடவை அழுத்தினான்.

ஆகஸ்ட் 20

எட்டு இலை. பிப்ரவரியில் கூப்பிட்ட அதே சேகரிப்பாளர் நேரிலேயே வந்துவிட்டார். வாளியையும், துவைக்கிற இயந்திரத்தின் குழாயையும், மேலே தொங்கிய என் பனியனையும் மாறி மாறிப் பார்த்தார். "இதையா சார் இங்க வச்சிருக்கீங்க?" என்றார். ஃபிளாஷ் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, "இதுக்கு... இந்த பனியன்தான் பிடிச்சிருக்கு" என்றான்.

இது நகைச்சுவைதான் என்று உறுதி செய்துகொண்டேன்.

செப்டம்பர் 9

பதினொரு நிமிடம். நாற்பத்தைந்து தடவை. ஆட்டோ வேண்டாமென்று நாலு தெருவும் நடந்தே வந்தான். தங்கச்சி கூட வரவில்லை. "நான் வந்தா வேணும்னே மெதுவா நடக்கறாரு" என்றாளாம்.

அக்டோபர் 17, வெள்ளி

இலைக்காம்புகளுக்கு நடுவில், மண்ணை ஒட்டி, கூர்மையாக ஒன்று கிளம்பியிருக்கிறது. இலைச்சுருளாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இலைச்சுருள் பச்சை. இது அப்படி இல்லை. பென்சில் முனை மாதிரி, கருஞ்சிவப்பு.

ஃபிளாஷிடம் சொல்லவில்லை. இரண்டாவது ஆதாரம் கிடைக்கட்டும் என்று— இல்லை. இந்தத் தப்பை ஏற்கெனவே ஒரு தடவை பண்ணிவிட்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போன் செய்தேன்.

"என்னன்னு எனக்கு உறுதியா தெரியலை. உறுதியாகாத விஷயத்தைத்தான் சொல்றேன்" என்றேன்.

"ஆதாரமே... உறுதியில்லாம பேசுதா?" என்றான். இருபத்தைந்து நிமிடத்தில் மேலே இருந்தான். நாலு தெருவையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஸ்டூலில் உட்கார்ந்தான். பார்த்தான். பாட்டிலை எடுத்தவன், அடிக்காமல் திருப்பி வைத்தான். கை வராததால் இல்லை.

அக்டோபர் 19

செடிக்கடை அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார். அவர் வெறும் கையை இன்றுதான் பார்த்தேன். "பாளை சார். இதுக்குள்ளதான் பூ. மூணு வாரம் ஆகலாம். யாரும் தொடாதீங்க. முக்கியமா நீங்க தொடாதீங்க" என்றார்.

பேராசிரியருக்குக் கடிதம் எழுதினேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர் அனுப்பிய பதிலின் நகலையும் சேர்த்து.

அக்டோபர் 24

பேராசிரியர் பதில். பாளை விரிந்ததும் படம் வேண்டும். முன்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, தொண்டைப் பகுதி கிட்டத்தில் ஒன்று, துல்லியமாக. பிறகு அவரே நேரில் வந்து பார்ப்பார். படம் மங்கலாக இருந்தால் பயனில்லை என்று அடிக்கோடிட்டிருக்கிறார்.

கடிதத்தை ஃபிளாஷிடம் வாசித்தேன். "என் படத்தைப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே" என்றேன்.

அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாட்டிலை எடுத்தான். அறுபது தடவை அடித்தான். ஈரம் அதிகமாகிவிடும் என்று மனைவி பிடுங்கி வைத்தாள்.

அக்டோபர் 30

அலமாரியில் கேமரா இல்லையாம். தங்கச்சி போன் செய்து சொன்னாள். தேட வேண்டாம் என்று அவளே முடிவு பண்ணிவிட்டாளாம்.

நவம்பர் 4, செவ்வாய்

காலை ஏழரைக்கே படியில் சத்தம். மேலே நின்று எட்டிப் பார்த்தேன். ஃபிளாஷ் தனியாக ஏறி வந்தான். கைத்தடி இல்லை. வலது தோளில் கேமராப் பை. இடது கை சுவரைத் தொட்டபடி வந்தது, பிடிக்கவில்லை. எட்டு நிமிடம். ஆதாரம்: நான், நேரில்.

கேமராவை வெளியே எடுத்தபோது வலது கை நடுங்கியது. நான் கீழிருந்து தாங்கினேன். "ஆட்டாதே" என்றான். ஆட்டியது நான் இல்லை.  ஜன்னல் பக்கம் ஒரு பார்வை, பனியனை எடுக்கச் சொல்லிக் கையசைப்பு, மூச்சை இழுத்துப் பிடித்தான். ஷட்டர் சத்தம் ஒரு தடவை கேட்டது.

திரையில் காட்டினான். பாளையின் முறுக்கு, அதன் மேல் ஒரு துளி ஈரம், வலது பக்கத்திலிருந்து வெளிச்சம். ஓரத்தில் லேசாக மங்கல். அவனே சொன்னான்: "தேறாது. இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

கிளம்பும்போது, கேமராப் பையை இங்கேயே வைத்துவிட்டுப் போ, எதற்குச் சுமை என்றேன்.

"வேணாம்யா. நாளைக்கும் தூக்கிட்டு ஏறணும்."

தொட்டியிலிருந்து உரித்து எடுத்த சீட்டை இன்று வாளியில் ஒட்டினான். அதே பழைய எழுத்து. கீழே தேதிக்கு மட்டும் இடம் விட்டு, வலது கையால் ஒரு கோடு போட்டிருக்கிறான். கோணல்தான்.

உறுதியானவை: இலை ஒன்பது. பாளை ஐந்தரை சென்டிமீட்டர், நுனி நேற்றைவிட லேசாக அவிழ்ந்திருக்கிறது. இரண்டு பேர் பார்த்தோம்.

நிலுவையில் உள்ளவை: பூ, அதன் படம், பெயர். வியாழக்கிழமை விரியும் என்று செடிக்கடை அம்மா சொல்கிறார். பேராசிரியர் வருவது அன்று காலை பத்து மணிக்கு.